நாலாம் நாள்

ஐந்து நாள் டூர் தாளில்
நாலாம் நாளுக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.
"அது உங்க இஷ்டம்மா" என்றான் டிராவல்ஸ் கிரீஷ்.
சீட்டுப் பணம் கட்டின இருபத்தாறு மாதத்தில்
யாரும் என்னிடம் சொல்லாத சொல்.
தாளை மடித்து
தராசுத் தட்டுக்கு அடியில் வைத்தேன்.

கே.ஆர். மார்க்கெட் கீழ்த்தளம், விடிகாலை மூன்றரை.
கோலார் லாரி வரும்வரை
பேபியின் இஞ்சி மூட்டைமேல் போனைச் சாய்த்து
அந்த ஒரு நாளை நிரப்பத் தொடங்கினோம்.

முதலில் தண்டவாளச் சந்தை.
ரயில் ஊதினால் கூரைத் துணியை இழுத்துக்கொள்கிறார்கள்.
தரையில் பரப்பிய காய் அப்படியே கிடக்க
அதன்மேலேயே பெட்டி பெட்டியாய்ப் போகிறது.
போனதும் துணி திரும்ப விரிகிறது.
"கார்ப்பரேஷன் வண்டி வந்தா நாம பண்றதுதானே" என்றாள் பேபி.

அப்புறம் அம்பாவா, ஆற்றுச் சந்தை.
மதியத்துக்கு மேல்தான் களைகட்டுமாம்.
வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமாம்.
விரல் விட்டு எண்ணினோம்.
நாலாம் நாள் வியாழன்.

ஒரு நாள் தள்ளிப்போட
தலைக்கு ஆயிரத்து எண்ணூறு ஆகும் என்றான் கிரீஷ்.
சம்பங்கி சோற்றை அப்படியே விட்டுச் சிரித்தார்:
"மார்க்கெட்டுக்கு லீவு போட்டுட்டு
மார்க்கெட் பாக்கப் போறாளாம் என் பொண்டாட்டி."

நான் ஏன் போகிறேன் என்று
அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.
படகு ஆடும்போது தராசு முள் எங்கே நிற்கும்?
சில்லறை தண்ணீரில் விழுந்தால் யார் கணக்கு?
பக்கத்துப் படகுக்காரி ஒரு முழம் முன்னால் வந்துவிட்டால்
எதன்மேல் நின்று சண்டை போடுவது?
நாள் முழுக்கத் துடுப்போடு உட்கார்ந்திருப்பவள்
ஒன்றுக்கு எங்கே போவாள்?
போன் இதையெல்லாம் காட்டவில்லை.
தொப்பி போட்ட பெண்ணையும் மாம்பழத்தையும்தான் காட்டியது.
ஒரு படத்தில் மட்டும், ஓரத்தில், ஒரு கூடைச் சுண்டைக்காய்.
அங்கே குழம்பில் அதை முழுசாகப் போடுகிறார்களாம்.
எனக்கு அந்தக் கூடைக்காரியின் முகம் வேண்டும்.

இருட்டினால் ஆற்றோர மரங்களில் மின்மினி.
பேபி நம்பவில்லை: "சீரியல் பல்பு கட்டியிருப்பான்."
எனக்கும் சந்தேகம்தான்.
விருஷபாவதியும் ஆறுதான் என்கிறார்கள்.
பஸ் அந்தப் பாலம் ஏறினால்
முந்தானை தானாக மூக்குக்குப் போகிறது.

விலை கேட்க ஒரு சொல் மட்டும் பழகினோம்.
தாவ்ராய்.
எவ்வளவு என்று அர்த்தம்.
லாரிக்காரனிடம், டீக்காரனிடம்,
சுங்கம் வாங்க வந்தவனிடமும் கேட்டுப் பார்த்தோம்.

செவ்வாய் பின்னிரவு மழை பிடித்தது.
படிக்கட்டு வழியாக முதலில் ஒரு செருப்பு வந்தது,
பிறகு வாழைச்சருகு,
பிறகு தெருவே வந்தது.
முழங்கால்.
இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.
பேபியின் இஞ்சி நேரே அடிக்குப் போயிற்று.
என் கத்தரி மிதந்தது:
ஊதா ஊதாவாய், காம்பைத் தூக்கிக்கொண்டு,
கொத்தமல்லிக் கடை தாண்டி, பூக்கடை தாண்டி,
யார் கடைக்கும் வாடகை தராமல்.
கரண்ட் போய்விட்டது.
ஆளாளுக்குப் போன் விளக்கைப் போட்டார்கள்.
நான் கூடையால் அரித்து அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்,
வாயில் வராத வார்த்தை இல்லை.
அப்போது, கவிழ்த்த கிரேட்மேல் குந்தியிருந்த பேபி
கையைக் குவித்துக் கத்தினாள்:
"தாவ்ராய்!"

இருட்டில் யாரோ இன்னொருத்தியும் கத்தினாள், தாவ்ராய்.
அவளுக்கு அர்த்தம் தெரிந்திருக்காது.
சிரித்ததில் பிடித்த கத்தரி பாதி நழுவிப் போனது.

தாள் தராசோடு நனைந்தது.
கோயில், புலி, நகைக்கடை, கடற்கரை
எல்லாம் நீலமாய்க் கரைந்து
ஐந்து நாளும் இப்போது வெறும் நாள்.
கிரீஷ் வேறு தாள் தருவான்.
இருந்தாலும் இதைக் கொக்கியில் மாட்டிக் காயவைத்திருக்கிறேன்.

ஆயிரத்து எண்ணூறு.
நேற்று விலைக்கு நாற்பத்தைந்து கிலோ விற்க வேண்டும்.
மழைக்குப் பிறகு கிலோ அறுபது.
முப்பது போதும்.