ளகரம் இல்லாத ஊர்

கிரிம்ஸ்பியில் மீன் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
பட்டை திடீரென்று பின்னோக்கி ஓடியது.
தோலுரித்த ஹாடக் துண்டுகள்
வந்த வழியே திரும்பிப் போயின.
மேற்பார்வையாளர் கீத் கத்தினார்:
"மறுபடியும் டூலாலி ஆகிவிட்டது, சனியன்!"

நான் திரும்பிப் பார்த்தேன்.
அயலூர்ச் சந்தையில் யாரோ
நம் ஊர்ப் பெயரைச் சொன்னால்
கழுத்து நம்மைக் கேட்காமல் திரும்புமே, அப்படி.
பின்னால் ஐஸ் பெட்டிகள்தான் இருந்தன.

இடைவேளையில் கிளெனிஸைக் கேட்டேன்.
நெற்றிப்பொட்டருகே விரலைச் சுழற்றினாள்.
"மறை கழன்றது என்று அர்த்தம்.
என் மாமியார். என் வாஷிங் மெஷின்.
நேற்று வந்த மின்கட்டண பில்."

அது ஒரு ஊர், என்றேன்.
அங்கேதான் எனக்குத் தடுப்பூசி போட்டார்கள்.
மும்பையிலிருந்து மலையேறி வரும் ரயில்
இரண்டு நிமிடம் நிற்கும்,
பாவ் வாங்கிக்கொள்ளலாம்.
போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன்.
"நிஜமான இடமா?" என்று வாயைப் பொத்தினாள்,
யாரோ இறந்த செய்தி கேட்டவள்போல.

பணி முடிந்த வெள்ளைச் சிப்பாய்களை
அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்களாம்,
கப்பல் வரும்வரை.
கடலே இல்லாத ஊரில் கப்பலுக்குக் காத்திருப்பு.
வெயில். கொசு. சாராயம். வேலையே இல்லாத மாதங்கள்.
சிலருக்குப் புத்தி பிசகியது.
ஊர் திரும்பியவர்கள்
அம்பை விட்டுவிட்டு
பாறைமேல் பழி போட்டார்கள்.

முதலில் அது 'டூலாலி டாப்'.
கிளெனிஸின் பெரியப்பா அப்படித்தான் சொல்வாராம்,
சொட்டுகிற தண்ணீர்க் குழாய் என்றே
வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்களாம்.
தாப் என்றால் காய்ச்சல், என்றேன்.
காய்ச்சல் எப்போதோ இறங்கிவிட்டது.
ஊர்தான் இறங்கவில்லை.

எங்கள் பெயர் தேவ்ளாலி.
நடுவே ஒரு ளகரம் உண்டு;
நாக்கு பின்னால் மடங்கி
மேலண்ணத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும்.
கப்பலேறும்போது
அதை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.
சுமை அதிகமோ என்னவோ.

மறுநாள் முதல் கீத் ஜாக்கிரதையானார்.
பட்டை முரண்டு பிடிக்கும்போதெல்லாம்
"இது... இது..." என்று என்னைப் பார்ப்பார்,
"சரியில்லை" என்று முடிப்பார்.
அந்த இடைவெளியில்
என் ஊரைத் தூக்கி ஓரமாக வைக்கும் சத்தம் கேட்கும்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
திட்டாகவாவது இருந்ததே
ஐந்தாயிரம் மைல் தள்ளி!

வியாழக்கிழமை பட்டை மறுபடி பின்வாங்கியபோது
நானே கத்தினேன்,
"தேவ்ளாலி ஆகிவிட்டது!"
ளகரத்தோடு.
முதலில் கிளெனிஸ் சிரித்தாள்.
கீத் முயன்று பார்த்தார், நாக்கு சுளுக்கியது,
எச்சில் கையுறைமேல் தெறித்தது.

விசா நீட்டிப்புக் கடிதத்துக்குப்
பதினொரு மாதமாகக் காத்திருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது,
கப்பல்களும் வந்துபோகின்றன,
என் காகிதம்தான் வரவில்லை.
வாசல் விரிப்பில் விழும் பீட்சா விளம்பரங்களை
இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறேன்.
குளிர்சாதனப் பெட்டிக்கு
வணக்கம் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.

தம்பி சோபான் போனில் கேட்டான்,
"எப்படி இருக்கிறாய், அக்கா?"
"கிரிம்ஸ்பி ஆகிவிட்டேன்" என்றேன்.
அர்த்தம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

நேற்று அவனிடமிருந்து குரல் செய்தி,
ஸ்டேஷன் ரோட்டுக் கடையிலிருந்து.
பின்னணியில் யாரோ ஆதார் நகலுக்கு அவசரப்படுகிறார்கள்.
"கொஞ்சம் பொறுங்கள் சேட்,
ஜெராக்ஸ் மெஷின் காலையிலிருந்து கிரிம்ஸ்பீ."

கடைசி இகரத்தை நீட்டிவிட்டான்.
நான் திருத்தவில்லை.