கரடியின் குறுக்குவெட்டு

முப்பத்தொரு வருடம்
ரியேகா கப்பல்தளத்தில் வால்வு வரைந்தேன்.
நீர் உள்ளே வரும் வழி,
நீர் வெளியே போகும் வழி,
நடுவில் ஒரு திருகு.
கோடு ஒரு முடியளவு தடித்தாலும்
மேலாளர் மிலோவன் கூப்பிடுவார்:
"யத்ராங்கா, இந்தக் கப்பல் மூழ்கணுமா?"

எதுவும் மூழ்கவில்லை.
என் தாள்கள் எதையும்
ஒரு குழந்தை எச்சில் விரலால் புரட்டவுமில்லை.

மதியம் ரொட்டி தின்றபடி
வீணான வரைபடங்களின் பின்பக்கத்தில்
கரடி போடுவேன்.
தொப்பி வைத்த கரடி. பல் வலிக்கிற கரடி.
பேருந்தைத் தவறவிட்டு
யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிற கரடி.
மணி அடித்ததும் சுருட்டி வைத்துவிடுவேன்.
சுருட்டியது சுருட்டியபடி இருக்க
மகள் பிறந்தாள், பள்ளிக்குப் போனாள்,
டப்ளினுக்குப் போனாள்.

தளத்தில் பாதிப் பேரை அனுப்பிய ஏப்ரலில்
வேண்டுமானால் மேசையை
எடுத்துப் போகலாம் என்றார்கள்.
சுருள்களை எடுத்துக்கொண்டேன்.

ஐம்பத்தாறு வயதில் நீர்வண்ணப் பெட்டி.
"இந்தக் காசுக்கு
நாற்பது தக்காளி நாற்று வரும்" என்றார் ஸ்வோன்கோ.
மறுநாள் காலை
பலகை அறுக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன்.
என் சாய்மேசைக்கு
கால் இழைத்துக்கொண்டிருந்தார்.
ஒரு கால் இன்றைக்கும் குட்டை.

ஸாக்ரெபுக்கு மூன்று முறை அனுப்பினேன்.
"கோடுகள் அபாரம், கரடிக்கு உயிரில்லை"
என்றது ஒரு பதில்.
"இது கரடியா, பாய்லரா?"
என்றது இன்னொன்று.
மூன்றாவது பதிப்பகம் எழுதவே இல்லை,
அதனால் அதன்மேல் மட்டும்
நம்பிக்கை வைத்திருந்தேன் ஒன்பது மாதம்.

உயிரை எப்படி வரைவது?
ரோமம் ரோமமாகப் போட்டுப் பார்த்தேன்.
கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்தேன்.
கரடி என்னைப் பார்த்தது,
ரசீது கேட்கிற குமாஸ்தா மாதிரி.

பிறகொரு பிப்ரவரி. பூரா காற்று
மலையிலிருந்து இறங்கித் துறைமுகத்தை அறைந்தது.
ராப் தீவுப் படகு இல்லை என்றுவிட்டார்கள்.
காத்திருப்பு அறையில் பக்கத்து இருக்கையில்
ஐந்து வயது லோவ்ரே,
அம்மா தொலைபேசியில் யாரோடோ சண்டை.
என் நோட்டில் மூக்கை வைத்தான்.
அழகா இருக்கு என்று சொல்லவில்லை.
"இவன் குடிச்ச தேன் எங்க போகும்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு
முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அளவுகோலை எடுத்தேன்.
கரடியை உச்சந்தலையிலிருந்து நேராக வெட்டினேன்.
தொண்டையில் ஒருவழி வால்வு,
விழுங்கிய உறுமல் திரும்பி வராமலிருக்க.
நெஞ்சில் இரண்டு பம்ப், ஒன்று உபரி.
வயிற்றில் அலமாரி, அலமாரியில் ஜாடிகள்,
ஜாடிகளை எண்ணுகிற ஓர் எறும்பு.
இடது பாதத்துக்குள் சின்ன விளக்கு.

"விளக்கு எதுக்கு?"
"இருட்டுல பயந்தா."
"யாரு, எறும்பா?"
"கரடிதான்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
தன் பூட்ஸைக் கழற்றி
உள்ளே எட்டிப் பார்த்தான்.

அறுநூறு பிரதிகள் அச்சிட்டார்கள்.
அச்சகத்தில் மஞ்சள் சரியாக விழாமல்
தேன் பச்சையாகிவிட்டது.
கடை ஜன்னல்களில் வைக்கவில்லை;
ஸ்வோன்கோ மட்டும் பத்துப் பிரதி வாங்கி
தக்காளி வாங்க வருபவர்களிடம் காட்டினார்.

நேற்று நகர நூலகம் போயிருந்தேன்.
என் புத்தகத்தின் பதினான்காம் பக்கம்
ஏதோ இனிப்பால் பதினைந்தோடு ஒட்டிக்கிடந்தது.
மெல்லப் பிரித்தேன்.
யாரோ சிவப்புப் பேனாவால்
கரடியின் வயிற்றடியிலிருந்து
ஒரு குழாய் இழுத்து
வாலுக்குக் கீழே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.
முனையில் ஒரு திருகு.

வெளியே போகும் வழி.
எத்தனை ஜாடித் தேன் உள்ளே போகிறது!
எப்படி மறந்தேன்?
மிலோவன் கூப்பிட்டிருப்பார்.

நூலகர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
அழிப்பானோடு குனிந்தாள்.
அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.