தெளிவில்லை

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
படியெல்லாம் தெர்மகோல் உமி.
மதர்போர்டை உறையிலிருந்து உருவி
ஷஃபியுல்லா சொல்கிறார்:
"சவுண்டு, நெட்டு, டிஸ்ப்ளே
எல்லாம் இதுலயே ஒட்டிப் பிறந்தது மேடம்.
தனிக் கார்டு வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க."

கரியாக்கக் காசு என்னிடமும் இல்லை.
ஆனால் போன ஐப்பசி இடியில்
பழைய போர்டில் நெட் துளை மட்டும் செத்தது.
பிணத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை.
அதன் வாயில் டேப் ஒட்டிவிட்டு
பக்கத்து ஸ்லாட்டில்
முந்நூறு ரூபாய்க் கார்டைக் குடிவைத்தேன்.

என் பிழைப்பு காதில்.
விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சிட
நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் கொசு பறக்கும்.
ஒரே பலகையில் எல்லாரும் குடியிருந்தால்
ஒருவர் இருமல்
மற்றவர் காதில் விழத்தானே செய்யும்.

"காலி ஸ்லாட்டு எத்தனை?"
"ரெண்டு."
"ஒண்ணுல சவுண்டு கார்டு போடுங்க."
உதட்டைப் பிதுக்கி
கால்குலேட்டரில் ஆயிரத்து எழுநூறைக் கூட்டினார்.

சூளைமேடு. இரவு பதினொன்று.
கொசு இல்லை.
கீழ்வீட்டு மோட்டார் இருக்கிறது,
அதற்குக் கார்டு கிடையாது.

சும்மா சோதிக்க
போன மாதமே அனுப்பிவிட்ட கோப்பைத் திறந்தேன்.
பதினேழாம் நிமிடம்.
அங்கே நான் தட்டியிருந்த ஒரே சொல்:
தெளிவில்லை.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன் சார்"
என்கிறான் அந்த ஆள்.

டம்ளர் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன்.
நாற்காலி நகர்கிறது.
யாரோ பேனாவை மூடித் திறக்கிறார்கள்.
அடுத்த கேள்வி வருகிறது.