அரை மதிப்பெண்

காலாண்டுத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
நாற்பத்தொரு தாள், ஒரு சிவப்புப் பேனா.
ஜன்னலுக்கு வெளியே
பள்ளிப்பட்டிலிருந்து நகரிக்குப் போகும் சாலையை
அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.
ரம்பம் ஓயும்போதெல்லாம்
விசைத்தறி கேட்கும்.
தறி நிற்பதே இல்லை என்பதால்
எனக்கு அதுதான் அமைதி.

கேள்வி இருபத்து மூன்று:
கவிஞர் மரத்தின் அழிவையும் மீட்சியையும்
எங்ஙனம் புலப்படுத்துகிறார்?

விடைக்குறிப்பு என் கையெழுத்திலேயே இருந்தது.
மரம் ஒரு குறியீடு. வெட்டுதல் துயரம்.
துளிர்த்தல் நம்பிக்கை.
நாற்பது பேரும் அதையே எழுதியிருந்தார்கள்.
'நம்பிகை' என்று எழுதியவர்களுக்கு மட்டும்
ஒரு சுழி.

வரிசை எண் இருபத்தேழு, முனிகௌரி,
குறியீடு என்ற சொல்லையே தொடவில்லை.

"கவிஞர் மரம் வெட்டினதில்லை போல.
வெட்டினதும் அழுததாக எழுதியிருக்கிறார்.
புளி அழாது. ரம்பத்தைக் கடிக்கும்.
பல் போன சங்கிலி எங்கள் வீட்டில்
கோழிக்கூண்டுக்குக் கட்டுக்கம்பி.
மேலே அறுப்பது அரைநாள் வேலை.
அடித்தூருக்குத்தான் அப்பாவுக்குத் தனிக்கூலி.
துளை போட வேண்டும்,
பழைய என்ஜின் ஆயிலும் கல்லுப்பும் ஊற்றி
சாக்கு போட்டு மூட வேண்டும்.
மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தால்
சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும்.
கவிஞருக்குத் துளிர் பார்த்தால் சந்தோஷம்.
எங்களுக்கு முந்நூறு ரூபாய் பிடித்துவிடுவார்கள்.
ஆனாலும் அப்பா திட்டமாட்டார்.
பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி பிடிப்பார்.
அப்புறம் சொல்வார்
செட்டு சாவது"

அங்கே நின்றது விடை. பேனாவும் நின்றது.
நான் மானாமதுரைக்காரி.
இங்கு வந்து ஒன்றரை வருஷம்;
பால்காரரிடம் கணக்குக் கேட்கிற அளவுக்குத் தெலுங்கு.
ட்டு-வைச் சுழித்து த்து போட்டேன்.
வல்லினம் மிகும், ஒரு ச் நுழைத்தேன்.
செத்துச் சாவது.
ஓரத்தில் எழுதினேன்: கூறியது கூறல்.
அரை மதிப்பெண் போயிற்று.

சனிக்கிழமை நகரி பஸ்.
சாலை உருளை வழிமறித்து
ஒரு திருப்பத்தில் நின்றோம்.
போன மாதம் போட்ட தார், ஓரத்தில் வெடித்து,
விரல் நீளத்துக்கு நாலு கொழுந்து,
பிறந்த சிவப்பு மாறாமல்.
ஒன்றின் நுனியில் ஒரு ஜல்லிக்கல்
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
தக்காளிக் கூடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டி
யாரிடமோ சொன்னார்,
"சூஸ்திவா? செட்டு சாவது."

பக்கத்து சீட்டு நர்ஸிடம் கேட்டேன்,
"மரம் செத்துப்போச்சுன்னு சொல்றாரா?"
"செட்டுன்னா மரம்" என்றாள், டிக்கெட்டை மடித்தபடி.
"சாவதுன்னா சாகாது."

சாகாது.
எங்கள் ஊரில் சாவது என்றால் சாவது.
ஒரு எல்லைக்கல் தாண்டினால்
அதே மூன்று எழுத்து, சாகாது.
பஸ் கிளம்பிற்று. தக்காளிக்காரர்
விலை பேசத் தொடங்கியிருந்தார்.
அந்த ஆள் கவிதை எதுவும் சொல்லவில்லை,
பார்த்ததைச் சொன்னார்.
நான்தான் ஒரு மரத்தை
சிவப்பு மையால் இரண்டு தரம் கொன்று
இலக்கணமும் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண் வெள்ளிக்கிழமையே கணினியில் ஏறிவிட்டது.
மாற்றவேண்டுமென்றால் தலைமையாசிரியருக்கு
எழுதிக் கொடுக்க வேண்டும்.
'காரணம்' என்று எழுதிவிட்டு
முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே ரம்பம் எதையோ கடிபட்டு நின்று
மறுபடி பிடிக்கிறது.
முனிகௌரியின் தாளைப் பிரித்துப் பார்க்கிறேன்.
இரண்டு சொல்லுக்கும் நடுவில்
நான் நுழைத்த ச்,
அதன் தலையில் அழுத்தி வைத்த புள்ளி,
அடுத்த பக்கம் வரை இறங்கியிருக்கிறது,
அடித்தூரில் துளை போட்டது மாதிரி.