நாற்பத்தொன்று

அவர் சொல்வார், நான் எழுதுவேன்.
அதுதான் என் வேலை.
நுண்ணோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல்
டாக்டர் நோயெலி சனூ சொல்லிக்கொண்டே போவார்:
பூஜ்யம். மூன்று. பூஜ்யம். பதினேழு.
ஒவ்வொரு எண்ணும் ஒரு கொசுவின் வயிறு.

ஊசி இரண்டு, உப்புநீர் ஒரு சொட்டு.
வால்நுனியைப் பிடித்து இழுத்தால்
சட்டைப்பைக்குள்ளிருந்து கைக்குட்டை வருவதுபோல்
குடல் வந்துவிடும்.
சிவப்புச் சாயத்தில் நனைத்து
உருண்டைகளை எண்ண வேண்டும்.
ஓர் உருண்டை வெடித்தால் ஆயிரம் ஈர்க்குகள்,
ஆயிரமும் எச்சில் சுரப்பியைத் தேடிப் போகும்.

போபோ-தியுலாஸோவில் அன்று மின்சாரம் இல்லை.
என் வீட்டு விசிறி நின்று மூன்று மணி நேரம்.
கொசு அறைக்கு மட்டும் ஜெனரேட்டர்:
இருபத்தேழு டிகிரி, நல்ல ஈரம்,
பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர்.
என் மனைவி இதைக் கேட்டு
இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

இவை குடித்தது கரீதியாவின் ரத்தம்.
நெல்வயலை ஒட்டிய பள்ளியில் ஏழு வயதுக்காரி.
காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை,
கயிறு தாண்டுவதில் யாருக்கும் தோற்காதவள்.
விரல்நுனி ரத்தத்தில் மட்டும்
பிறை பிறையாய் அது இருந்தது.
தாளில் பெருவிரல் ஊன்றிய தாய் மைமுனா கேட்டாள்:
"என் பிள்ளையிடமிருந்து இதை வாங்கிக்கொண்டால்
கொசுவுக்குக் காய்ச்சல் வராதா?"
நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"சில கொசு அதோடு சண்டை போடும்.
எப்படி என்று தெரியத்தான்..." என்று தியூலாவில் தொடங்கி,
அடுத்த சொல் அந்த மொழியில் கிடைக்காமல் திணறி,
"வயிற்றுக்குள் ஒரு காவல்காரன்" என்று முடித்தார்.
"எங்கள் காவல்காரன் தூங்குகிறான்" என்றாள் மைமுனா,
மகளின் மாத்திரைப் பொட்டலத்தை
இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு.

முப்பத்தெட்டு: ஐந்து.
முப்பத்தொன்பது: பூஜ்யம்.
நாற்பது: இருபத்திரண்டு.
நாற்பத்தொன்று...
பேனா காத்திருந்தது. ஜெனரேட்டர் இருமியது.
"கறுப்பு" என்றார்.
எத்தனை என்றேன்.
"எல்லாம்."

நானும் குனிந்து பார்த்தேன்.
குடற்சுவரில் மிளகுத்தூள் சிந்தியதுபோல்.
உள்ளே நுழைந்த ஒவ்வொன்றையும் பிடித்து
கரும்பூச்சுப் பூசி
நின்ற இடத்திலேயே சமாதி கட்டியிருக்கிறாள்,
குன்றிமணி எடையில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாதவள்.
எப்படி என்று அவளையே கேட்கலாமென்றால்
தலை ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம்.
கிழித்தது நாங்கள்தான்.

கண்ணாடித் தகட்டின் ஓரம் காய்ந்துவர
டாக்டர் இன்னொரு சொட்டு உப்புநீர் விட்டார்,
யாரோ தாகம் என்று கேட்டதுபோல.

என் நோட்டில் உருண்டைக்குப் பத்தி உண்டு,
கறுப்புக்கு இல்லை.
மாத்திரை அட்டையின் விளிம்பை வைத்து
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கோணிவிட்டது.
"பூஜ்யங்களிலும் சண்டை நடந்திருக்கும் லஸினா,
பிணம்கூட மிச்சமில்லாமல்."
அதை எந்தப் பத்தியில் எழுத?

முட்டையிட விட்ட காகிதக் கோப்பைகளில்
நாற்பதில் நெளிந்தன, நாற்பத்திரண்டில் நெளிந்தன.
நாற்பத்தொன்றில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது.
டார்ச் அடித்தேன். ஒன்பது புழுக்கள்.
மீன் தீவனத்தை நகநுனியில் அள்ளி,
விருந்தாளி வீட்டுக் குழம்பில் உப்புப் போடுகிறவனைப்போல்
தயங்கித் தயங்கித் தூவினேன்.
"அதிகம் போடாதே, தண்ணீர் கெட்டுவிடும்"
என்றார், திரும்பாமலே.
இவற்றுக்கும் அது இருக்குமா?
"பாதிக்கு இருக்கலாம். ஒன்றுக்குமே இல்லாமலும் போகலாம்.
நாற்பத்திரண்டு: எட்டு. எழுது."

பதினொரு மணிக்கு மொபெட்டைக் கிளப்பும்போது
கழுத்தில் சுருக்கென்றது.
கை தானாகப் போய் அறைந்தது.
முன்விளக்கில் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்:
கொஞ்சம் சிவப்பு, ஒடிந்த கால்கள் இரண்டு.
எண் ஏதும் இல்லை.
என் ரத்தமா, பக்கத்து வீட்டாருடையதா.

காற்சட்டையில் துடைக்கப் போனவன்
துடைக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன்.