ஐம்பத்தைந்தில் வரும் உதறல்

ஐம்பத்தைந்தில் மட்டும்தான்.
நாற்பதில் சாது, எழுபதில் சமர்த்து.
ஐம்பத்தைந்தில் காலை லேசாக வைத்திருந்தால்
வேகத்தடைகளை வரிசையாக விதைத்துவைத்த மாதிரி
டுர்ர்ர் என்று ஓர் உதறல்
இருக்கை வழியே முதுகில் ஏறும்.
பாண்டி கோயில் திருநீற்று டப்பா
டேஷ்போர்டில் தானாக நகரும்.

பழங்காநத்தம் காஜாமைதீன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.
"கியர்பாக்ஸ இறக்கணும் மேடம்.
அறுபத்திரண்டு ஆகும்.
மிச்சத்தப் பிரிச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."
அந்த மிச்சத்துக்குள்
இன்னொரு இருபது உட்கார்ந்திருந்தது.

"பேசாம கியர் வண்டி வாங்கியிருக்கலாம்ல"
என்றான் கொழுந்தன் மலைராசன், சாப்பிட்டுக்கொண்டே.
என் இடது கால்
மூன்று வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டது.
கிளட்ச் கேட்காத இந்த வண்டிதான்
வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு
யாருடைய பின்சீட்டிலும் ஏற்றாமல் என்னைக் கொண்டுபோகிறது.
அவனிடம் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

வடக்கு வெளிவீதி ஸ்பேர் கடையில்
கட்டைவிரல் பருமனில் ஒரு ட்யூப், அறுநூற்று நாற்பது.
"கேக்குமாண்ணே?"
"சில வண்டிக்குக் கேக்குது. சில வண்டிக்குக் கேக்கல."
எங்கள் டாக்டரும் இப்படித்தான் சொல்வார்,
அவர் மட்டும் இங்கிலீஷில்.

ஞாயிற்றுக்கிழமை. வண்டியைச் சூடேற்றி, ஓடவிட்டு,
ஆயில் குச்சியை உருவி
வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்தேன்.
பத்தொன்பது வருஷமாக ரத்தம் பார்க்கிறவள்.
நடுவில் பழுப்பு, ஓரத்தில் இன்னும் சிவப்பு வளையம்.
கருகல் வாடை இல்லை.
இரும்புத்தூள் மின்னவில்லை.
பிழைக்கிற கேஸ்.

குச்சி போகிற குழாயின் வாய் சுண்டுவிரல் அகலம்.
லேபில் கேட்டு வாங்கிவந்த டிரிப் குழாய்,
அதன் தலையில் செருகிய குட்டிப் புனல்,
அதற்குள் பிதுக்கிய ட்யூப்.
தேனைவிடச் சோம்பேறி அந்த மருந்து.
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று
பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதிர்வீட்டு ரெஜினாமேரி கேட்டைத் திறந்தபடி,
"என்னக்கா, காருக்கு குளுக்கோஸா?"

ரிங் ரோட்டில் விரகனூர் தாண்டியதும் ஐம்பத்தைந்து.
டுர்ர்ர்.
வண்டியூரில் இன்னொரு தடவை.
போச்சு அறுநூற்று நாற்பது, என்று
ஒத்தக்கடை வரை திட்டிக்கொண்டே போனேன்,
ட்யூப்பை, கடைக்காரரை, மலைராசனை,
அவன் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்குமோ
என்று நினைத்த என்னை.
டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.
யானைமலை பின்பக்கக் கண்ணாடிக்குள் வந்து படுத்துக்கொண்டது.

ஐம்பத்து மூன்று. நான்கு. ஐந்து.

ஐந்து.

வைக்கோல் லாரி ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு
ஐம்பத்தைந்திலேயே நின்று ஓட்டினேன்.
சிவகங்கை பஸ் ஆரனால் அடித்துவிட்டுப் போனது.
கரன்ட் வந்த பிறகும்
விசிறியைக் கீழே வைக்காதவளைப்போல
முதுகை இருக்கையில் அழுத்திக்கொண்டு
உதறலுக்குக் காத்திருந்தேன்.
திருநீற்று டப்பா அசையவில்லை.

"சரியாப் போச்சா அண்ணி?"
ராத்திரி கேட்டான்.

எங்கள் லேபில் 'இல்லை' என்று எழுதும் வழக்கம் இல்லை.
'காணப்படவில்லை' என்றுதான் எழுதுவோம்.
பார்த்த சொட்டில், பார்த்த நாளில்.
மற்றதற்கு நாங்கள் பொறுப்பில்லை
என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

வண்டி நோட்டில் அப்படியே எழுதினேன்.
கிலோமீட்டர் 78,412. உதறல் காணப்படவில்லை.
காஜாமைதீன் நம்பரை அழிக்கவில்லை.
அடுத்த பரிசோதனை: திங்கள், எட்டு பத்து, வேலைக்குப் போகிற வழியில்

என்று எழுதிய பிறகுதான் உறைத்தது.
தெற்குவாசல் பாலத்தில் எட்டு பத்துக்கு
எவன் ஐம்பத்தைந்தில் போயிருக்கிறான்?