இருநூற்றுப் பதினேழு

மூடியில் முத்திரை இருந்தால் கறுப்பு மையால் அழி.
கண்ணாடியில் எழுத்து புடைத்திருந்தால் திருப்பி அனுப்பு.
பழுப்புக் குப்பி, எண்ணுக்கு மூன்று.
பெயர் என்னிடம் மட்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும்.
ஹான்காக் தீயணைப்பு நிலையத்தில்
ஐந்து கேலன் பீருக்கு மூன்று குப்பி கேட்கிறோம்.
நாக்கை அவ்வளவாக நம்புவதில்லை.

பிப்ரவரி. வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அவை நின்ற இடத்தில் மடக்கு மேசைகள்.
தரையில் இன்னும் டீசல் வாசம்.
மூக்கு அதற்குப் பழகட்டும் என்று
லோர்னா ட்ரெவாரோ நடுவர்களை அரைமணி நேரம்
சும்மா உட்கார வைத்தாள்.

வாரநாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு வழி சொல்வது என் வேலை.
எந்தப் பிள்ளை எந்த முனையில் ஏறும் என்று தெரியும்.
இன்று, எந்தக் குப்பி யார் வீட்டு நிலவறையிலிருந்து
ஏறி வந்தது என்று தெரியும்.
தெரிந்தது முகத்தில் தெரியாமலிருக்க
காலையிலிருந்து உப்பு பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறேன்.

இருநூற்றுப் பதினேழு: ரெய்னோ காங்கஸ்.
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன்.
படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத கையெழுத்து.
வகை: கோதுமை பீர்.
'விசேஷப் பொருள் ஏதேனும்?' என்ற இடத்தில்
இல்லை என்று எழுதி, அடித்து,
மறுபடி இல்லை என்று எழுதியிருந்தான்.

நான்காம் மேசை.
முதலில் மூக்கு.
டுவெய்ன் பொஷாம் எழுதுகிறான்: வாழைப்பழம் இல்லை. கிராம்பு இல்லை.
எலுமிச்சைத் தோல். மழை பட்ட கல்.
பென்சிலைக் கீழே வைக்கிறான்.
ஹௌட்டனிலிருந்து பாலம் கடந்து வந்த பல் மருத்துவர்
ஒரு வாய் குடித்துவிட்டு
கூரைக் குழாய்களைப் பார்க்கிறாள்.
"புளிச்சிருக்கு."
"ஆமா."
இருவரும் இன்னொரு வாய்.

பால் திரிந்ததா, தயிராய் உறைந்ததா,
நடுவே ஒரு கோடு இருக்கிறது.
எங்கள் படிவத்தில் அதை அச்சிடவில்லை.

கோதுமை பீர் புளிக்கக் கூடாது.
ஐம்பதுக்கு இருபத்து நான்கு.
குறிப்பு: கிருமி புகுந்திருக்கிறது.
கருவிகளைக் கொதிநீரில் கழுவவும்.
ரப்பர் குழாயை மாற்றவும்.

அப்புறம் இரண்டாம் சுற்றுக்கென்று வைத்த குப்பியையும் திறந்தார்கள்.
சரிபார்க்கத்தான், என்றாள் பல் மருத்துவர்.
மூன்றாவதை எதற்கென்று யாரும் சொல்லவில்லை,
லோர்னா தன் கோப்பையோடு வந்து நின்றாள்,
நானும் கேட்கவில்லை,
என் வாயிலும் அது இருந்தது.

பரிசு அறுபத்தெட்டுக்கு.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத லாகர்.
முக்கால் குப்பி கழிவு வாளியில் நுரைத்துக்கொண்டிருந்தது.

மேசைகளை மடக்கும் நேரத்தில் ரெய்னோ வந்தான்,
பூட்ஸில் பனியோடு, வாசலைத் தாண்டாமல்.
தாளை வாங்கினான். உதடு அசைய வாசித்தான்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
"காலிக் குப்பி இருந்தா குடு. மறுபடி ஊத்தலாம்."
மூன்றையும் கொடுத்தேன்.
ஒன்றைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கினான்,
கவிழ்த்தான்.
அடியில் படிய வேண்டிய ஈஸ்ட்கூட இல்லை.
"மூணையும் திறந்தாங்களா?"
"ரொம்பக் கவனமா பாத்தாங்க" என்றேன்.
"இருபத்து நாலுக்கா?"
பிஸ்கட் தீர்ந்திருந்தது.

அவன் லாரி ஏறிய பிறகுதான்
கோட்டு போடாமல் வெளியே ஓடினேன்.
பனித்தகடு தார்ச்சாலையை உராய்ந்துகொண்டு கிளம்பிவிட்டது.
"ரெய்னோ! அந்தக் குழாய்!"
மஞ்சள் விளக்கு சுழன்று என்மேல் ஒருமுறை பட்டது.
கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினான்,
புரிந்தது என்று கட்டைவிரலைத் தூக்கி,
நாளைக்கே மாத்திடறேன்
என்று கத்தினான்.